ரகசியத்தைக் கட்டிக் காப்பது எப்படி? ஏழு படிகளில் எளிய செய்முறை

மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. நாலு மணிக்கு எழுந்திரு, வெந்நீர் குடி, மூச்சை இழுத்து விடு, எதிரியை மன்னித்துத் தொலை என்று புத்தகக் கண்காட்சியில் ஒரு வரிசை முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாமல் கடைசி மூச்சுவரை காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு கையேடு உண்டா? கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இது.

இந்தத் துறையில் எனக்கு முப்பது வருட அனுபவம். எங்கள் வீட்டுச் சாம்பார்ப் பொடியின் பக்குவத்தை அவ்வளவு காலம் காத்து நின்றவள் நான். என் பேச்சை நம்பி நீங்கள் இறங்கலாம்.

தேவையான பொருட்கள்

உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று. பொடி, ஊறுகாய், பல்வலிக்குப் பச்சிலை, மோட்டார் ரிப்பேர், ஆபீஸ் கணக்கு, எதுவானாலும் சரி. நல்ல பூட்டு ஒன்று. "அதெல்லாம் கைப்பக்குவம்" என்ற ஒரு வாக்கியம், வாயில் தயாராக. இவற்றோடு தீர்க்காயுசு. கடைசிப் பொருள் கடையில் கிடைக்காது. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண்.

படி 1: அளவைச் சொல்லாதீர்கள்

யாராவது "எவ்வளவு போடணும்?" என்று கேட்டால், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டி, "இவ்ளோதான், கண்ணளவு" என்று சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால் கைப்பக்குவம். கேட்டவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார். கையைக் கழற்றியா கொடுக்க முடியும்?

இந்த முதல் படியிலேயே சறுக்கியவர் எஸ். மீனாட்சி அம்மாள். உறவுப் பெண்கள் எல்லாரும் அவரிடம் சமையல் குறிப்பு கேட்டபடியே இருந்தார்கள். கண்ணளவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவரோ, இத்தனை படி, இத்தனை பலம், இது வறுபட்டதும் அது என்று ஒன்று விடாமல் எழுதி 1951இல் 'சமைத்துப் பார்' என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். அடுப்பே மூட்டத் தெரியாத புதுப்பெண்கூட அதைப் பிரித்து வைத்துக்கொண்டு குழம்பு வைத்தாள். கல்யாணச் சீர் வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகமும் போனது. விமானம் ஏறிக் கடல் தாண்டியும் போனது. 1962இல் அவர் காலமானார். புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது. ரகசியம் காக்கத் தெரியாதவருக்கு நேர்கிற கதி இதுதான்: எந்தெந்த வீட்டுச் சமையலறையிலோ இன்னும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

படி 2: பெட்டி செய்யுங்கள்

நமக்கு முன்னோடி லண்டனில் இருந்த சேம்பர்லென் குடும்பம். மதச் சண்டைக்குத் தப்பி 1569இல் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்தவர்கள். பிரசவத்தில் குழந்தை பாதியில் மாட்டிக்கொண்டால், அதன் தலையைப் பதமாகப் பிடித்து வெளியே எடுக்க ஓர் இடுக்கியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி மாட்டிக்கொண்டால் தாயோ பிள்ளையோ, பல நேரம் இரண்டு பேருமோ பிழைப்பதில்லை. ஆக, அது உயிர் காக்கிற கருவி.

அதை அவர்கள் எப்படிக் காத்தார்கள் தெரியுமா? தங்க முலாம் பூசிய பெரிய பெட்டியில் வைத்து இரண்டு பேர் சுமந்து வருவார்களாம். உறவுக்காரர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, வலியில் துடிக்கிற பெண்ணின் கண்ணையும் கட்டிவிடுவார்களாம். இப்படியே நூறு வருடத்துக்கும் மேல், தலைமுறை தலைமுறையாக. என்ன ஒழுங்கு! என்ன கட்டுப்பாடு!

1813இல் எஸ்ஸெக்ஸில் அந்தக் குடும்பம் முன்பு குடியிருந்த வீட்டின் மாடித் தரைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் அந்த இடுக்கிகள் கிடைத்தன. வேறு மருத்துவர்கள் அந்தக் கருவியைப் படம் வரைந்து புத்தகமாகப் போட்டு அதற்குள் ஏறக்குறைய எண்பது வருடம் ஓடியிருந்தது. பெட்டியை அவர்கள் கடைசிவரை காப்பாற்றிவிட்டார்கள். அந்த நூறு வருடத்தில் பக்கத்துத் தெருவில் கருவி இருப்பது தெரியாமலே செத்துப்போன பெண்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுக்க ஆள் இல்லை. அந்தக் கணக்கு இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது. அடுத்த படிக்குப் போவோம்.

படி 3: ஒன்றை மட்டும் விட்டுச் சொல்லுங்கள்

இது மேல்நிலைப் பாடம். "சொல்ல மாட்டேன்" என்றால் கெட்ட பெயர் வரும். அதனால் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, உயிர்நிலையான ஒன்றை மட்டும் விழுங்கிவிட வேண்டும். கேட்டவர் செய்து பார்ப்பார். ஏதோ குறையும். "என்னவோ உங்களுது மாதிரி வரலைக்கா" என்பார். அந்த வாக்கியம் காதில் விழும்போது கிடைக்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே இவ்வளவு பாடும்.

சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி ஒரு பெண் வந்தாள். எங்கள் வீட்டுச் சாம்பார் வாசனை தெருவைத் தாண்டிப் போய் அவளை இழுத்து வந்துவிட்டது. நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். மிளகாய் இத்தனை, மல்லி இத்தனை, பருப்பு இத்தனை என்று வரிசையாகச் சொன்னேன். வெந்தயத்தின் அளவையும் சொன்னேன். அதை எப்போது, எப்படி வறுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

படி 3ஐ அவ்வளவு கச்சிதமாக நிறைவேற்றிய பெருமை எனக்கு.

படி 4: விதையைப் பூட்டி வையுங்கள்

உங்களிடம் இருப்பது அரிய விதை என்றால் ரொம்பச் சுலபம். பானையில் போட்டு வாயைக் கட்டி, "இது யார்கிட்டயும் கிடையாது" என்று வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருங்கள். விதைக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் சாதாரணமாகக் கட்டிவைத்த நெல் ஒரு வருடம் தாண்டினாலே அதன் முளைப்புத்திறன் சரசரவென்று இறங்கும். அப்புறம் உங்களிடம் இருப்பது விதை அல்ல, அரிசி. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவும் அல்ல, உமி.

இதற்கு நேர் எதிராக நடந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் வழி வந்தவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று ஊர் ஊராக அலைந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைச் சேர்த்தார். சேர்த்தவர் பூட்டியல்லவா வைத்திருக்க வேண்டும்? ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிகளுக்கு ஆளுக்கு 2 கிலோ விதை கொடுத்தார். காசு வேண்டாம். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும், அதுவும் இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்கத்தான்.

இவர் விதையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவே இல்லை. வயல் வயலாக இறைத்துவிட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்த நெல்லும் கூடவே போயிருக்க வேண்டும், நம் கையேட்டின்படி. போகவில்லை. அது எந்தெந்த ஊரிலோ யார் யார் வயலிலோ நின்றுகொண்டிருந்தது.

படி 5: ஏட்டைப் பரணில் ஏற்றுங்கள்

பெரியவர்கள் விட்டுப்போன ஓலைச்சுவடி உங்கள் வீட்டில் இருக்கிறதா? நல்லது. பரணில் வையுங்கள். யாருக்கும் படிக்கக் கொடுக்காதீர்கள். மீதியைச் செல் பார்த்துக்கொள்ளும். நான் சொல்வது கையில் வைத்திருக்கிற செல் அல்ல, அரிக்கிற செல். அதற்கும் பொறுமை இல்லையென்றால் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடலாம். அப்படிச் சுவடிகளை ஆற்றில் விட்ட வீடுகள் இருந்தன என்று உ.வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

பனை ஓலைக்கு நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஆயுள் சில நூறு வருடம்தான். சங்கப் பாட்டுக்கோ வயது இரண்டாயிரம். அப்படியானால் ஓலை முறியும் முன்பாக ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு தலைமுறை நம் படி 5ஐ ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் போதும், புறநானூறு என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. வாய்ப்பு கைநழுவிவிட்டது.

1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இளைஞரான சாமிநாதையரிடம் "சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்ற பொருளில் கேட்டார். இல்லை என்றதும் சிரித்து அனுப்பியிருக்கலாம். அவரோ தம்மிடமிருந்த பிரதியையே தூக்கிக் கொடுத்தார். அதில் புரியாத இடங்களை, தலைமுறையாக அந்த நூலை வீட்டில் வாசித்துவந்த கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. ஒருவர்கூட "இது எங்கள் வீட்டு ரகசியம்" என்று சொல்லவில்லை. பொறுப்பற்றவர்கள்!

படி 6: முதுகைக் காட்டி வேலை செய்யுங்கள்

பட்டறையில் பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வருவான். முக்கியமான இடம் வரும்போது "போய் டீ வாங்கிட்டு வா" என்று அனுப்புங்கள். அவன் திரும்பி வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆபீஸ் என்றால் கணக்குக் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு லீவில் போங்கள். "சார் இல்லாம ஒரு வேலை நடக்கல" என்று நாலு பேர் சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறுவாரம் அதே நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைக் கேட்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். இரும்பை மண் மூசையில் அடைத்து உலையில் உருக்கி எஃகு செய்த தடயங்களை அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னாட்டின் அந்த உருக்கு கடல் கடந்து போய்ப் பேர்போன வாள்களானது. 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே சோதனைச்சாலையில் அதைப்போல் செய்து பார்க்க மெனக்கெட்டார். இங்கே அது அப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போன வித்தை. சீமையிலிருந்து மலிவான எஃகு வந்திறங்கியது, கரிக்கான காடும் கைவிட்டுப்போனது, உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பார்த்துவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் எழுதிய குறிப்புகள் மிஞ்சின. செய்த கைகளின் சொல் மிஞ்சவில்லை. இத்தனை நெருப்பு ஊதல், இத்தனை நாழிகை, இந்த நிறம் வந்ததும் நிறுத்து என்பதெல்லாம் அந்தக் கைகளோடு போய்விட்டது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் முதுகைக் காட்டத் தெரியாதவர்தான். ஓய்வு பெறும்போது தம் நாற்காலியில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனை முன்னின்று உட்காரவைத்துவிட்டுப் போனார். அந்தப் பையன்தான் பின்னாளைய தமிழ்த் தாத்தா, நம் சாமிநாதையர். செட்டியார் எழுதிய செய்யுள் ஒன்றுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் எழுந்து இடம் கொடுத்தது தெரியும்.

படி 7: உறைமோர் விஷயத்தில் உஷார்

கடைசிப் படிதான் கஷ்டமானது. பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தை டம்ளரோடு வந்து நிற்கும். விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக் கூடாது என்ற சாஸ்திரம் சாயங்காலத்துக்குக் கைகொடுக்கும். பகலில் என்ன செய்வது?

கொடுத்தால் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். நீங்கள் நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்புவீர்கள். வீட்டில் தயிர் புளித்துப் பூத்துப் போயிருக்கும். டம்ளரை எடுத்துக்கொண்டு அதே பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பது உங்கள் மோரின் பேத்தி. நீங்கள் கொடுத்ததையே நீங்கள் கேட்டு வாங்கி வருவீர்கள். பழைய ஆரம்ப மோர் யார் வீட்டில் பிறந்தது என்று அந்தத் தெருவில் ஒருவராலும் சொல்ல முடியாது. இப்படிச் சொத்துரிமை குழம்பிப்போகிற இடத்தில் ரகசியம் காப்பது எப்படி?

இதோடு மாவு மில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பொடியை அரைக்கக் கொடுத்தால், முன்னால் அரைத்தவர் வீட்டுப் பொடியில் ஒரு பிடி மெஷினில் தங்கி உங்கள் தூக்கில் விழும். உங்களுடையது ஒரு பிடி அடுத்தவர் தூக்கில். எத்தனை பூட்டுப் போட்டும் தெருவே ஒருவர் பொடியை ஒருவர் தின்றுகொண்டிருக்கிறது.

பக்கவிளைவுகள்

மேற்கண்ட படிகளில் எங்காவது தவறி, தெரிந்ததை யாருக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டால் கீழ்க்கண்ட அறிகுறிகள் தோன்றும். கற்றுக்கொண்டவர் செய்ததை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்து வந்து உங்கள் முன்னால் வைத்து முகத்தையே பார்ப்பார். நீங்கள் ஒரு வாய் சாப்பிடுவீர்கள். நெஞ்சுக்குள் காரணமே இல்லாமல் ஒரு குளிர்ச்சி. உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் அது இன்னும் கூடும். பயப்பட வேண்டாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒரு முறை வந்தால் திரும்பத் திரும்ப வரும்.

சந்தேகங்கள்

பெற்ற மகளிடமும் சொல்லக் கூடாதா?
கூடாது. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள். மருமகள் வேறு வீட்டிலிருந்து வந்தவள். மகன் கேட்கவே மாட்டான். பிரச்சினை தீர்ந்தது.

எல்லாம்தான் வீடியோவில் கிடைக்கிறதே?
கிடைக்கிறது. உப்பு தேவையான அளவு என்று அதில் சொல்வார்கள். உங்கள் நாக்குக்கு எது தேவையான அளவு என்று பக்கத்தில் நின்று சொல்கிற ஆள் அதில் வரமாட்டார்.

இப்படிக் காத்தால் கடைசியில் என்ன கிடைக்கும்?
நல்ல கேள்வி. அதற்குப் பதில் என் சொந்தக் கதை.

ஆசிரியரின் தோல்வி அறிக்கை

2015 டிசம்பர் மழையில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு அம்மாவின் குறிப்பு நோட்டை எடுத்தேன். மசிப் பேனாவால் எழுதிய எழுத்து எல்லாம் கரைந்து, பக்கங்கள் நீலமாய் இருந்தன. அம்மா போய் அதற்குள் நாலு வருடம் ஆகியிருந்தது. முப்பது வருடமாக அரைக்கிற பொடிதானே, கை சொல்லும் என்று உட்கார்ந்தேன். கை சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துப் பார்த்தே செய்து பழகிய கை. பருப்பு தூக்கலாகப் போனது. அடுத்த முறை மல்லி குறைந்தது. அம்மாவின் பொடி வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண் அப்போது கோயம்புத்தூரில் இருந்தாள். வெட்கத்தை விட்டுப் போன் பண்ணினேன். "இருங்கக்கா, நோட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று போய் வந்து, வரிவரியாகப் படித்தாள். கடைசியில், "வெந்தயத்தை மட்டும் எல்லாம் வறுத்து முடிச்சு, அடுப்பை அணைச்சுட்டு, சட்டிச் சூட்டுலயே போட்டுப் பெரட்டணும். இல்லேன்னா கசந்துரும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதை நான் சொல்லலையே?" என்று உளறிவிட்டேன்.

"நீங்க சொல்லலக்கா. அன்னைக்கு சாயந்தரமே அம்மா காம்பவுண்டுப் பக்கம் வந்து சொல்லிட்டாங்க. 'அவ ஒண்ணை விட்டுட்டுத்தான் சொல்லுவா, நீ இதையும் எழுதிக்கோ'ன்னாங்க."

பின்சுவர் இல்லாத வீட்டுக்கு முன்வாசலில் முப்பது வருடம் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பொடிக்குப் பெயர் கிடையாது, வெறும் பொடிதான். அவள் வீட்டில் அதற்கு "எதிர்வீட்டுப் பொடி" என்று பெயராம். இப்போது அவர்கள் வீட்டுக்கு எதிரே இருப்பது ரேஷன் கடை. அவள் மகள் பெங்களூரில் வேலைக்குப் போய் அங்கேயும் அரைக்கிறாளாம். அங்கேயும் அது எதிர்வீட்டுப் பொடிதான். எங்கள் தெருவையோ என் அம்மாவையோ பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடுகிறார்கள்.

ஆகவே இந்தக் கையேட்டின் ஆசிரியருக்கு அதை எழுதும் தகுதி இல்லை. இதுவரை படித்ததற்கு ஈடாக ஒன்று தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மல்லி 500 கிராம். மிளகாய் வற்றல் 250 கிராம். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு தலா 100 கிராம். மிளகு 50 கிராம். வெந்தயம் 25 கிராம். விரலி மஞ்சள் 25 கிராம். கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. எண்ணெய் விடாமல் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வறுக்க வேண்டும். வெந்தயம் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, சட்டிச் சூட்டிலேயே. மில்லில் அரைத்து வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள்.

ஒன்றையும் விடவில்லை.